நாய்க்குட்டிக்கு எந்த டாக்டர், எவ்வளவு செலவு? பில் மேசையிலிருந்து ஒரு பதில்

கேள்வி கேட்டவர் குரோம்பேட்டைக்காரர். பிறந்து நாற்பத்தைந்து நாளில் வாங்கிய லாப்ரடார் குட்டிக்கு இப்போது நான்கு மாதம். அதற்குள் மூன்று டாக்டர் மாறியாயிற்று, மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். கடைசியாகப் போன இடத்தில் ஒரே நாளில் 6,600 ரூபாய் பில். நல்ல டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது, இந்தச் செலவுக்கு எப்படி ஒரு கடிவாளம் போடுவது என்பதுதான் அவர் கேள்வி. பில்லையும் வரி வரியாக எழுதியிருக்கிறார். அது எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

நான் டாக்டர் இல்லை. தென்சென்னையில் ஒரு செல்லப்பிராணி கிளினிக்கில் பதினோரு வருடம் பில் போட்டவன். நாய்க்குள் என்ன இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பர்ஸில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த மேசையில் நான் போட்ட பெரிய பில்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போட்டவை. விசாரித்தால் தொந்தரவு புதன்கிழமையே ஆரம்பித்திருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப இங்கேதான் வந்து நிற்பேன்.

முதலில் அந்த 6,600. கன்சல்டேஷன் 500, கூட்டுத் தடுப்பூசி 900, ரேபிஸ் ஊசி 350, ரத்தப் பரிசோதனை 2,200, கால்சியம் சிரப் 380, மல்டிவைட்டமின் 320, லிவர் டானிக் 290, உண்ணி ஷாம்பு 560, உண்ணிக்கான மாத்திரை 1,100.

குட்டியை வளர்த்து விற்றவர் ஏற்கெனவே இரண்டு ஊசி போட்டுவிட்டதாகச் சொன்னாராம்; இந்த டாக்டர் அதை ஏற்காமல் மறுபடி போட்டாராம். அது ஏமாற்று வேலை என்று நினைக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் டாக்டர் பக்கம்தான் நான். விற்றவர் கொடுத்த ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தடுப்பூசி மருந்துக் குப்பியின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். முறையாக ஊசி போடும் டாக்டர் அதை உரித்து அட்டையில் ஒட்டி, பக்கத்தில் தேதி போட்டு, கையெழுத்தும் பதிவு எண்ணும் கொண்ட முத்திரையும் வைப்பார். வெறும் பேனாவில் 'முதல் ஊசி ஆச்சு' என்று எழுதியிருந்தால் அதற்கு மதிப்பில்லை. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் இருக்க வேண்டும். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வந்த மருந்தைப் போட்டாலும் அட்டையில் டிக் விழுந்துவிடும், உடம்பில் எதிர்ப்பு சக்தி வராது. அதோடு, தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி குட்டியின் உடம்பில் சில வாரங்கள் தங்கி, ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போட்டு, கடைசி ஊசி பதினாறாவது வாரத்திலோ அதற்குப் பிறகோ விழும்படி பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் குட்டி அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. 900 ரூபாய் சரியான செலவு. ரேபிஸ் ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை, மூன்று மாதத்தில் போட்டே ஆக வேண்டும். மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் எடுக்கப் போனாலும் முதலில் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். குட்டி நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடுகிறது, காய்ச்சல் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த 2,200 எதற்கு? உண்ணி அப்பிக்கிடந்து, சோர்வும் காய்ச்சலும் இருந்தால் நானே எடுக்கச் சொல்வேன். இங்கே நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "டாக்டர், இந்த ரிசல்ட் எப்படி வந்தால் நீங்கள் மருந்தை மாற்றுவீர்கள்?" நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். "தட்டணுக்கள் குறைந்திருந்தால் இதைக் கொடுப்பேன், சிறுநீரகம் கெட்டிருந்தால் அதை நிறுத்துவேன்" என்று பதில் சொல்வார். பதில் வந்தால் டெஸ்ட் எடுங்கள். "எதற்கும் பார்த்து வைத்துக்கொள்வோமே" என்று இழுத்தால், அடுத்த தடவை பார்க்கலாம் டாக்டர் என்று நீங்களும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

டானிக் மூன்றும் சேர்ந்து 990 ரூபாய். எங்கள் கிளினிக்கிலும் விற்றோம், அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் கால்சியம் சிரப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். லாப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு, குட்டிகளுக்கான முழுச் சத்துத் தீனி கொடுக்கும்போது மேலே கால்சியத்தையும் ஊற்றினால், எலும்பும் மூட்டும் கோணலாக வளர வாய்ப்பு உண்டு. எலும்புக்கு நல்லது என்று நினைத்துக் காசு கொடுத்து எலும்பைக் கெடுக்கும் கதை. உண்ணி மாத்திரை வாங்கிய பிறகு உண்ணி ஷாம்புவும் அவசியமில்லை. ஆக 6,600-இல் தேவையான செலவு 2,850; மீதி 3,750-ஐ வீட்டிலேயே வைத்திருக்கலாம்.

சரி, டாக்டரை எப்படிப் பிடிப்பது?

குட்டி ஆரோக்கியமாக இருக்கும்போதே தேடுங்கள். ரத்தபேதியோடு நாயை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போகிறவருக்குத் தேர்ந்தெடுக்கும் நிலை இருக்காது, எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதுதான் மருத்துவமனை. முதலில் பலகையையும் மருந்துச் சீட்டையும் பாருங்கள்: பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் பட்டம், மாநில கால்நடை மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண். இரண்டும் இல்லாமல் ஊசி போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், முக்கியமாக நாய்க்குட்டி விற்கும் கடைகளைச் சுற்றி. மேற்படிப்பான எம்.வி.எஸ்சி. இருந்தால் எந்தப் பிரிவில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெடிசின் படித்தவர் வேறு, அறுவைச் சிகிச்சை படித்தவர் வேறு. தோல் அரிப்புக்கு யாரிடம், கால் எலும்பு முறிவுக்கு யாரிடம் என்பது அப்போது தெளிவாகும்.

பட்டத்தை விட எனக்கு முக்கியமானது அந்த முதல் பத்து நிமிடம். நாயை எடை போடுகிறார்களா? எடை தெரியாமல் மருந்தின் அளவு கிடையாது. தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்து வெப்பம் பார்க்கிறார்களா? நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நம் கையால் தொட்டுப் பார்த்து 'சூடா இருக்கு' என்பதெல்லாம் கணக்கில் வராது. ஈறைத் தூக்கி நிறம் பார்க்கிறாரா, வயிற்றை அழுத்திப் பார்க்கிறாரா, என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று கேட்கிறாரா? எங்கள் கிளினிக்குக்கு வாரம் இரண்டு நாள் வந்த ஒரு வயதான டாக்டர், மேசை மேல் ஏற்றும் முன் நாயைத் தரையில் நடக்கவிட்டு ஒரு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவர்கள் பொறுமையில்லாமல் நெளிவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் அவர் கண்டுபிடித்த இடுப்பு வலிகளும் காது வலிகளும் நிறைய. எக்ஸ்ரே செலவை மிச்சப்படுத்திய நிமிடங்கள் அவை.

இன்னொரு அடையாளம், 'இப்போதைக்கு இது வேண்டாம்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வருகிறதா என்பது. ஒரு தடவை போனதில் ஒன்றையாவது வேண்டாம் என்று சொன்ன டாக்டரை விட்டுவிடாதீர்கள். அப்புறம், "ராத்திரி பதினொரு மணிக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது?" என்று கேளுங்கள். "எனக்குப் போன் பண்ணாதீர்கள், இந்த இடத்துக்குப் போங்கள்" என்று ஓர் இடத்தைச் சொன்னாலும் அது நல்ல பதில். மழுப்பினால்தான் யோசிக்க வேண்டும்.

மூன்று டாக்டர் மாறியதில் உங்களுக்குப் பெரிய நஷ்டம் கன்சல்டேஷன் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு இடத்திலும் கதையை முதலிலிருந்து சொல்லி, அதே டெஸ்டை மறுபடி எடுத்ததுதான் நஷ்டம். ஒரு ஃபைல் போடுங்கள். ஊசி அட்டை, மருந்துச் சீட்டு, ரிப்போர்ட், எக்ஸ்ரே படம் எல்லாம் அதில். ரிப்போர்ட்டைத் தர மாட்டோம் என்று சொல்லும் இடத்துக்கு இரண்டாம் தடவை போக வேண்டாம். இரண்டாவது கருத்து கேட்பது தப்பே இல்லை, பெரிய ஆபரேஷன் என்றால் கேட்கத்தான் வேண்டும். ஃபைலோடு போய்க் கேளுங்கள்.

காசைப் பற்றிப் பேச நம் ஆட்களுக்கு ரொம்பக் கூச்சம். "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை டாக்டர், காப்பாத்திடுங்க" என்று கண் கலங்கிச் சொன்னவர்களில் பலரை மூன்றாம் நாள் காணோம். ட்ரிப்ஸ் பாதியில் நின்றுவிடும். "என்னிடம் எட்டாயிரம்தான் இருக்கிறது, அதற்குள் என்ன செய்ய முடியும்?" என்று முதலிலேயே சொன்னவர்களின் நாய்களுக்கு ஒழுங்கான சிகிச்சை கிடைத்தது. டாக்டர் அதற்கேற்பத் திட்டம் போடுவார்: எந்த டெஸ்ட் கட்டாயம், எதைத் தள்ளலாம், உள்நோயாளியாக வைக்காமல் தினமும் கொண்டுவந்து ட்ரிப்ஸ் ஏற்றலாமா என்று. பெரிய சிகிச்சைக்கு முன் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பில்லில் மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள், கால்நடை கிளினிக்கின் சிகிச்சைக்கு வரிவிலக்கு உண்டு. மருந்துக்கும் பொருளுக்கும்தான் வரி.

வேப்பேரிக்குப் போனால் செலவே இல்லை, ஆனால் ஒரு நாள் போய்விடும் என்று உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் பாதி உண்மை. 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அது. அங்கே தோல், கண், அறுவை, மகப்பேறு என்று தனித்தனிப் பிரிவு உண்டு. எக்ஸ்ரே, ஸ்கேனிலிருந்து டயாலிசிஸ் வரை இருக்கிறது. கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் கூட்டம். விடிந்ததும் கிளம்பி டோக்கன் வாங்க வேண்டும், பத்து மணிக்கு ஆடி அசைந்து போனால் மாமா சொன்னது நடக்கும். உங்கள் நாயைச் சுற்றி ஆறு மாணவர்கள் நின்று நோட்டு எடுப்பார்கள். சிலருக்கு அது பிடிப்பதில்லை. எனக்கு, ஆறு பேர் பார்த்தால் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார் என்று தோன்றும். ஊசி முழுவதும் முடியாத குட்டியை மட்டும் அந்தக் கூட்டத்தில் தரையில் விடாதீர்கள். குட்டிகளுக்கு ரத்தபேதி வரவைக்கும் பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். என் பழக்கம் இதுதான்: ஊசி, சின்னக் காய்ச்சல், வாந்திக்கு வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்; நாள்பட்ட நோய், பெரிய ஆபரேஷன், ஒருவருக்கும் பிடிபடாத வியாதி என்றால் வேப்பேரி. வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. அரசு கால்நடை மருந்தகங்களில் மாடு, ஆட்டுக்குத்தான் முன்னுரிமை என்றாலும் நாய்க்கு ரேபிஸ் ஊசி போடுவார்கள். ஜூலை 6-ஆம் தேதியையும் செப்டம்பர் 28-ஆம் தேதியையும் ஒட்டி நிறைய இடங்களில் இலவச முகாம் நடக்கும். முதலாவது லூயி பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்ட நாள், இரண்டாவது அவர் இறந்த நாள்.

மருந்துச் செலவில் மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு, பலருக்குத் தெரியாது. நாய்க்கு எழுதும் மருந்துகளில் நிறைய மனிதர்கள் சாப்பிடும் மருந்துகளேதான். டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல், அமாக்ஸிசிலின், பான்டோபிரசோல், இதய நோய்க்கான ஃபுரோசமைடு எல்லாம் அப்படித்தான். கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பிறகு மக்கள் மருந்தகத்திலோ, 2025-இல் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ வாங்கலாம். வயதான நாய்க்குத் தினமும் இரண்டு மாத்திரை என்றால் மாதக் கடைசியில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரை கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், அரை மாத்திரையில் உயிர் போகும். நாய்க்கு இபுபுரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் சிதைக்கும். 'குழந்தைக்குக் கொடுக்கிற சிரப்தானே' என்று கொடுத்துவிட்டு ஓடி வந்தவர்களுக்கு நான் போட்ட பில்களை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

உண்ணிக் காய்ச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும், சென்னையில் நாய் வளர்ப்பவர் பர்ஸை ஓட்டை போடுவதில் அதற்கு முதலிடம் தருவேன். நாய் ஒரு நாள் சாப்பிடாது, வெயில் என்று விடுவார்கள். மூன்றாம் நாள் ஈறு வெளுத்திருக்கும், மூக்கில் ரத்தம் வரும். முதல் நாளே வந்திருந்தால், எர்லிக்கியா என்ற கிருமியால் வரும் வகைக்கு நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்து முடித்திருக்கலாம், மலிவான மாத்திரை. தாமதித்தால் ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போய்விடும். இன்னொரு தப்பு, பத்தாம் நாள் நாய் வாலாட்டிச் சாப்பிட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவது. இரண்டு மாதத்தில் திரும்பி வருவார்கள், அதே டெஸ்ட், அதே பில். உங்கள் பில்லில் இருந்த 1,100 ரூபாய் மாத்திரையை நான் வெட்டாததற்குக் காரணம் இதுதான். மாதம் ஒரு தடவை கொடுப்பதும் உண்டு, பன்னிரண்டு வாரம் தாங்குவதும் உண்டு. ஒரு வாரத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசுகிறேனே, என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். செவலை என்று ஒரு நாட்டு நாய், பெட்டை. கருத்தடை செய்துவிடு என்று எங்கள் டாக்டர் மூன்று வருடம் சொன்னார். நானும் தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஏழாவது வயதில் ஒரு மே மாதம், பருவம் முடிந்து ஏழெட்டு வாரம் இருக்கும், கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். வெயில்தானே என்று பெரிய கிண்ணமாக மாற்றி வைத்தேன்! ஞாயிறு ராத்திரி படுத்தவள் எழவில்லை. கர்ப்பப்பையில் சீழ். வாய் மூடிய வகை என்பதால் வெளியே ஒரு சொட்டும் வரவில்லை. வேறொரு மருத்துவமனையில் ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன், ஐந்து நாள் அங்கேயே, மொத்தம் 31,000. எங்கள் கிளினிக்கில் கருத்தடைக்கு அப்போது நானே போட்டுக்கொண்டிருந்த பில் 7,000. செவலை பிழைத்தாள், அதற்கப்புறம் நான்கு வருடம் இருந்தாள். உங்கள் குட்டி பெட்டை என்றால் எந்த வயதில் செய்வது என்று இப்போதே டாக்டரிடம் பேசிவிடுங்கள். பெரிய இனங்களுக்குக் கொஞ்சம் பொறுத்துச் செய்யச் சொல்பவர்கள் உண்டு. தெருவிலிருந்து எடுத்து வளர்ப்பவர்கள் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் விசாரிக்கலாம், 1964-இலிருந்தே அவர்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

எதற்கெல்லாம் ராத்திரியே ஓட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். லாப்ரடாருக்கு வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், ஈறு வெளுத்தால், பாம்பு கடித்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், வெயிலில் மூச்சிரைத்து விழுந்தால் உடனே கிளம்புங்கள். பக்கத்து வீட்டில் ஆண் பூனை இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்: மண் பெட்டியில் போய்ப் போய் உட்கார்ந்து சிறுநீர் வராமல் கத்தினால், காலை வரை பொறுக்கக் கூடாது. ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு விளையாடுகிற நாய் காலை வரை தாங்கும். நான்கு மாதக் குட்டி திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேதியில் ரத்தம் வந்தாலோ தாங்காது.

காப்பீடு பற்றி என் கருத்து கொஞ்சம் கசப்பானது. பாலிசியில் காத்திருப்புக் காலம், ஏற்கெனவே உள்ள நோய், தடுப்பூசி போடாமல் வந்த நோய் என்று விலக்குகள் நீளமாக இருக்கும். அதைப் படித்த பிறகும் லாபம் என்று தோன்றினால் குட்டி வயதிலேயே எடுங்கள், வயதானால் கிடைக்காது. எனக்குப் பிடித்தது வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி.தான். மாதம் 1,000 ரூபாய், நாய் பெயரில் ஒரு கணக்கு என்று வீட்டில் சொல்லிவைத்துக்கொண்டு அதைத் தொடாமல் இருப்பது. இரண்டு வருடத்தில் 24,000 சேர்ந்திருக்கும். செவலைக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால், அன்று ராத்திரி நான் மச்சானுக்குப் போன் பண்ணிக் கடன் கேட்டிருக்க மாட்டேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஊசி அட்டையில் அடுத்த தேதியைப் பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். பூச்சி மருந்து ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மலிவான மருந்து, விட்டால் வயிறு உப்பி நிற்கும். கால்சியம் பாட்டிலைத் திறக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், சில கிளினிக்கில் எடுத்துக்கொள்வார்கள், நாங்கள் எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை ஃபைலின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். மூன்று டாக்டரில் யாரிடம் போவது என்று இன்னும் குழப்பமாக இருந்தால், அந்தப் பக்கத்தை மூவரில் யார் வாங்கிப் படிக்கிறார் என்று பாருங்கள், அவரிடமே போங்கள்.